பனிக்கு அடியில் உள்ள மண்

நந்தி மலைக்குச் சென்றோர் அங்குள்ள உறுதியான கருங்கற்பாறையைக் கண்டிருப்பீர்கள். எல்லா மலைகளும் அத்தகையன அல்ல.

உத்தரகாண்ட் மாநிலத்தில் ஜோஷிமட் நகருக்கு மேலே ஔலி என்னும் பனிச்சறுக்குத் தலம் உள்ளது. மழைக்காலத்தில் அது கால்நடைகள் மேயும் புல்வெளி. தை மாதத்தில் பனி மூடியதும் அதே சரிவில் வீரர்கள் சறுக்கி இறங்குவர். சரிவு இயற்கை தந்தது. அதை வெட்டிச் சமன் செய்யாமல் பயன்படுத்துவதே நல்ல வடிவமைப்பு. ஜோஷிமட்டிலிருந்து ஔலிக்கு ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள ரோப் கார் 2023 ஜனவரி வரை சென்றுவந்தது. பழனியில் ஏறியவர்களுக்கு அது புதிதன்று. சாலைக்கு மலையை நெடுகக் குடைய வேண்டும். ரோப் காருக்குத் தூண்கள் ஊன்றும் இடமே போதும்.

ஆயினும் அத்தூண்கள் நிற்கும் மண் எத்தகையது? ஜோஷிமட் பழைய நிலச்சரிவின் குவியல்மேல் அமைந்த ஊர். அங்கே பெருங்கட்டடங்கள் கூடாது, மரங்களை வெட்டலாகாது என 1976இல் மிஸ்ரா குழு எச்சரித்தது. ஊரோ வளர்ந்துகொண்டே இருந்தது. 2023 ஜனவரியில் நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் கண்டது; ரோப் காரும் நிறுத்தப்பட்டது. பனிச்சறுக்குத் தலத்தால் வந்த கேடு என்று இதைக் கூறிவிட முடியாது. முறையான வடிகால் இன்றி நீர் மண்ணுள் இறங்கியதும் காரணங்களுள் ஒன்று.

எனவே மலைச்சரிவில் விடுதி அமைப்போர் முதலில் நீர் செல்லும் வழியை வரைகின்றனர். அவ்வழியை விட்டு விலகி, சரிவின் போக்கிலேயே படிப்படியாகச் சிறு கட்டடங்களை அமைக்கின்றனர். கூரை எத்தகையது என்பது அதன்பின் வரும் கேள்வி.