மூச்சை எண்ணக் கற்ற கிராமத்துப் பெண்கள்
புதுடில்லி: பச்சிளங்குழந்தைக்குக் காய்ச்சல் மட்டுமே ஆபத்து அல்ல, உடல் சில்லிடுவதும் ஆபத்துதான். பால் குடிப்பது நிற்பது, அழுகை மெலிவது, கைகால் துவள்வது, மூச்சுவிடும்போது நெஞ்சு உள்வாங்குவது, மூச்சு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் போவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும், விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில், டாக்டர்கள் அபய் பங், ராணி பங் தம்பதியர் இதைக் கிராமப் பெண்களுக்குக் கற்பித்தனர். அங்கு 39 கிராமங்களில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததாக, 1999ல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு கூறியது.

மத்திய அரசு 2011ல் இம்முறையை நாடெங்கும் விரிவுபடுத்தியது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை, 'ஆஷா' பணியாளர் 42 நாட்களுக்குள் ஆறு முறை வீடு தேடிச் சென்று பார்க்க வேண்டும். அத்தனைக்கும் சேர்த்து அப்போது நிர்ணயிக்கப்பட்ட ஊக்கத்தொகை, வெறும் 250 ரூபாய்.