முரசு நோயும் அழற்சிக் குறிகாட்டிகளும்: ஓர் அறிமுகமும் சில சிந்தனைகளும்

1

முரசு நோயை ஒரு நோயாகவே கருதாத மனப்பாங்கு நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. பல் துலக்கும்போது குருதி கசிவதையும் நடுவயதில் பற்கள் ஆடுவதையும் முதுமையின் இயல்பான வருகை என்றே பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கின்றனர். ஆயின், இது பல்லைத் தாங்கும் இழையங்களையும் என்பையும் படிப்படியாக அழிக்கும் நாட்பட்ட அழற்சி என்பதையும், அதன் விளைவுகள் வாயோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் கடந்த அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஆய்வுகள் புலப்படுத்தியுள்ளன. அழற்சியை அளந்தறிய உதவும் உடற்பொருள்கள் உயிரியற் குறிகாட்டிகள் எனப்படுகின்றன. அவை யாவை, எங்ஙனம் தோன்றுகின்றன, சிகிச்சையின்போது அவற்றால் அறியக்கூடியதும் அறியமுடியாததும் எவை என்பவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய ஆய்வாளன் ஒருவன் இப்பொருளை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. சிகிச்சை பெறாத முரசு நோய் எவ்வாறு வளர்கின்றது என்பது பற்றிய உலக அறிவின் கணிசமான பகுதி, நம் நாட்டின் மலையகத் தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் வாய்களிலிருந்து திரட்டப்பட்டதாகும். அவ்வறிவு யாருடையது, யாருக்குப் பயன்பட்டது என்ற வினாக்களை மருத்துவர்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது.

2

பல்லும் முரசும் சந்திக்கும் விளிம்பில் பற்றீரியாக்கள் செறிந்த படலம் ஒன்று இடையறாது படிகின்றது. 1965இல் ஹரால்ட் லோவும் அவருடைய சகாக்களும் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் நிகழ்த்திய பரிசோதனை இப்படலத்தின் பங்கினை ஐயத்துக்கிடமின்றி நிறுவியது. ஆரோக்கியமான முரசுடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவருக்கும் முரசழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அது மறைந்தது.

எனினும் படலம் நோயைத் தொடக்கி வைக்கின்றதேயன்றி, அழிவு முழுவதையும் அதுவே செய்வதில்லை. பற்றீரியாக்களை எதிர்க்க உடல் வெண்குருதிக் கலங்களை அவ்விடத்துக்கு அனுப்புகின்றது. அக்கலங்களும் முரசின் இழையக் கலங்களும் இன்ரலூக்கின்-1 பீற்றா, இன்ரலூக்கின்-6, புறொஸ்ரகிளாண்டின் முதலிய பொருள்களை வெளியிடுகின்றன. இவை என்பைக் கரைக்கும் கலங்களைத் தூண்டுகின்றன. வெண்கலங்களிலிருந்து வெளிப்படும் கொலாஜன் சிதைக்கும் நொதியம் ஒன்று பல்லைப் பிணைத்து நிற்கும் நார்களை அரிக்கின்றது. அழற்சி நீடிக்கும்போது, காக்க எழுந்த செயலே காக்கப்படவேண்டியதை அழிக்கும் செயலாக மாறுகின்றது. இம்முரண்பாட்டை உணராதார்க்கு முரசு நோயின் தன்மை விளங்காது.

மேற்கூறிய பொருள்களே குறிகாட்டிகளாக அளக்கப்படுகின்றன. பல்லுக்கும் முரசுக்கும் இடையிலுள்ள இடுக்கில் ஊறும் நீர், உமிழ்நீர், குருதி ஆகிய மூன்றிலும் அவற்றை அளக்கலாம். இடுக்குநீர் ஒரு பல்லின் நிலையையும் உமிழ்நீர் வாய் முழுவதன் நிலையையும் குருதி உடலின் பொதுநிலையையும் காட்டுகின்றன. குருதியில் அளக்கப்படுவனவற்றுள் முதன்மையானது சி-எதிர்வினைப் புரதமாகும். இது 1930இல் நியூமோனியா நோயாளரின் குருதியில் முதலிற் கண்டறியப்பட்டது. இன்ரலூக்கின்-6 ஈரலை அடைந்ததும் ஈரல் இப்புரதத்தைப் பெருமளவிற் சுரக்கின்றது. முரசின் அழற்சி குருதியில் எதிரொலிக்கும் வழிகளுள் இது ஒன்றாகும்.

3

முரசு சிவந்து வீங்கியிருப்பதைக் கண்ணாற் காணலாமெனின், குறிகாட்டிகளைத் தேடவேண்டிய தேவை யாது? இவ்வினாவுக்கான விடையை நோக்குமிடத்துத்தான் நம் தேயிலைத் தோட்டங்கள் ஆய்வுலகில் இடம்பெறுகின்றன.

லோவும் அவருடைய குழுவினரும் 1969இல் நோர்வேயின் ஒஸ்லோ நகரில் 565 ஆண்களையும், 1970இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரையும் பரிசோதித்து நெடுங்கால ஆய்வொன்றைத் தொடங்கினர். முன்னவர்கள் ஒழுங்கான பல் மருத்துவ வசதிகளுக்குள் வளர்ந்தவர்கள். பின்னவர்களை எவ்விதப் பல் மருத்துவமும் எட்டியிருக்கவில்லை. 15 ஆண்டுகளின் பின் 1985இல் பரிசோதிக்கக் கிடைத்த தோட்டத் தொழிலாளர் 161 பேர். இவர்தம் முடிவுகள் 1986இல் வெளியாயின.

ஏறக்குறைய அனைவரின் பற்களிலும் படலமும் காறையும் இருந்தன. ஏறக்குறைய எல்லா முரசுகளிலும் அழற்சி இருந்தது. ஆயினும் விளைவு ஒன்றாயிருக்கவில்லை. 8 சதவீதத்தினரில் நோய் விரைவாகவும் 81 சதவீதத்தினரில் மிதமாகவும் முன்னேறியது. 11 சதவீதத்தினரில் அது முரசழற்சிக்கு அப்பால் முன்னேறவேயில்லை. 45 வயதளவில் முதற்குழுவினர் பல்லைப் பிணைக்கும் இழையத்தில் சராசரியாக 13 மில்லிமீற்றர் ஆழத்தையும், இரண்டாங்குழுவினர் 7 மில்லிமீற்றரையும் இழந்திருந்தனர். மூன்றாங்குழுவினரின் இழப்பு 35 வயதளவிலும் 1 மில்லிமீற்றருக்கும் குறைவாகவே இருந்தது.

அழற்சி உண்டா இல்லையா என்பது மட்டும் எதிர்காலத்தைக் கூறாது என்பதே இதன் பொருளாகும். ஒத்த தோற்றத்தின் பின்னே வேறுபட்ட இயக்கங்கள் உள்ளன. அவற்றைப் பிரித்தறியும் தேவையே குறிகாட்டிகளைத் தேடும் முயற்சிக்கு நியாயம் அளிக்கின்றது.

4

சிகிச்சையிற் குறிகாட்டிகள் எவ்வாறு பயன்படுகின்றன என்பதை இனி நோக்கலாம். படலத்தையும் காறையையும் வேர்வரை அகற்றித் துப்புரவாக்குவதே அடிப்படைச் சிகிச்சை. இது செவ்வனே நிகழ்ந்தால் சில வாரங்களில் இடுக்குநீரிலுள்ள இன்ரலூக்கின்-1 பீற்றாவும் கொலாஜன் சிதைக்கும் நொதியமும் குறைகின்றன. நீரிழிவு உள்ளோரில் இச்சிகிச்சை 3 முதல் 4 மாதங்களில் குருதிச் சர்க்கரையின் நீண்டகால அளவான கிளைக்கேற்றப்பட்ட ஈமோகுளோபினை ஏறத்தாழ 0.4 சதவீதப் புள்ளியால் குறைப்பதாக 2022இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு காட்டுகின்றது.

ஆனால் எண் எப்போது எடுக்கப்பட்டது என்பதை மறந்தால் எண்ணே நம்மை ஏமாற்றிவிடும். 2007இல் வெளியான இலண்டன் ஆய்வொன்றில் கடும் முரசு நோயுள்ள 120 பேர் பங்குபற்றினர். தீவிர சிகிச்சை பெற்றோரின் சி-எதிர்வினைப் புரதம் 24 மணிநேரத்தில் உயர்ந்தது. குருதிக்குழாய்களின் விரியும் ஆற்றல் தாழ்ந்தது. ஆறு மாதங்களின் பின் அவ்வாற்றல் மற்றைக் குழுவினரதிலும் மேம்பட்டிருந்தது. மறுநாள் அளந்தவர் சிகிச்சை தீங்கு விளைத்தது என்பார். ஆறு மாதம் பொறுத்தவர் நன்மை விளைத்தது என்பார். மேலும், சி-எதிர்வினைப் புரதம் முரசுக்கு மட்டும் உரியதன்று. சளிச்சுரம், உடற்பருமன், புகைத்தல் முதலியனவும் அதனை உயர்த்தும். எனவே தனியோர் எண் நோயின் தீர்ப்பாகாது. தொடர்ந்து எடுக்கப்பட்ட எண்களின் போக்கே பொருள் தருவதாகும்.

5

ஆய்வுகூடமும் பெருஞ்செலவும் வேண்டாத குறிகாட்டி ஒன்றும் உண்டு. அளவிட்ட மெல்லிய கோலால் முரசிடுக்கைத் தொடும்போது குருதி கசிகின்றதா என்று பார்ப்பதே அது. 1990இல் நிக்லவுஸ் லாங்கும் பிறரும் வெளியிட்ட முடிவு இங்கு சுட்டத்தக்கது. மீண்டும் மீண்டும் குருதி கசிந்த இடங்களிற்கூட ஏறத்தாழ 6 சதவீதத்திலேயே பின்னர் அழிவு நேர்ந்தது. ஆனால் குருதி கசியாத இடங்களில் ஏறத்தாழ 98 சதவீதம் நிலைபேறாக இருந்தன. குருதி கசிதல் நோயின் வருகையை உறுதியாகக் கூறாது. கசியாமை நலத்தைப் பெரிதும் உறுதியாகக் கூறும். புகைப்போரில் குருதிக் கசிவு குறைவாகத் தோன்றுமாதலால் அவர்களிடத்து இக்குறியையும் எச்சரிக்கையுடனேயே கொள்ளல் வேண்டும்.

செலவுமிக்க சோதனைகளைப் பழிப்பது எமது கருத்தன்று. நோய் விரைந்து முன்னேறும் சிறுபான்மையினரை முற்கூட்டியே கண்டறிய ஒரு நம்பகமான சோதனை உருவாகுமாயின் அது வரவேற்கத்தக்கதே. ஆனால் காறையை அகற்றுவார் இல்லாத இடத்தில் காறையின் விளைவை நுண்ணளவில் அளப்பதால் விளையும் பயன் யாது? சிகிச்சையோடு இணையாத குறிகாட்டி வெறும் சந்தைப் பண்டமாகிவிடும்.

6

இவ்விடத்தில் அந்த 480 தொழிலாளரிடம் மீண்டும் செல்லவேண்டியுள்ளது. ஆய்வேட்டில் அவர்கள் நோயின் இயற்கை வரலாற்றுக்குச் சான்றானவர்கள். ஆயின், மருத்துவம் எட்டாதிருந்தமை இயற்கையா? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தின் கீழ், ஆய்வு நடைபெற்ற ஆண்டுகளிலேயே, பெருந்தொகையானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 480 பேர் 161 பேராகக் குறைந்ததைப் படிக்கும்போது இவ்வரலாறும் நம் கண்முன் நிற்றல் வேண்டும். ஆய்வாளர் இயற்கை என்று பெயரிட்டது, உண்மையில் ஒரு சமூக அமைப்பு உற்பத்தி செய்த நிலையாகும். தேயிலைக் கொழுந்தைப் போலவே அறிவின் மூலப்பொருளும் மலையிலிருந்து இறங்கி அயல்நாட்டில் பெறுமதி பெற்றது.

இக்கூற்று அவ்வாய்வின் விஞ்ஞானப் பெறுமானத்தைக் குறைப்பதாகாது. நோய் எல்லாரையும் ஒரேவகையில் தாக்குவதில்லை என்ற உண்மை உலகெங்கும் எத்தனையோ பேரின் சிகிச்சையைச் செம்மைப்படுத்தியுள்ளது. அதனாலேயே கடன் மேலும் பெரிதாகின்றது. 2018இல் வெளியிடப்பட்ட முரசு நோய்களின் புதிய வகைப்பாடு, நோயின் முன்னேற்ற வேகத்தை மூன்று தரங்களாகப் பிரிக்கின்றது. சி-எதிர்வினைப் புரதத்துக்கும் அதில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. அம்மூன்று தரங்களைப் படிக்கும் எம் மாணவர், பெயர் குறிக்கப்படாத அத்தொழிலாளரின் மூன்று குழுக்களையும் நினைவிற் கொள்வாராக.

குறிகாட்டி என்பது உடல் எழுதும் ஒரு குறி. குறியை வாசிப்பவர் அது தோன்றிய சூழலையும் சேர்த்தே வாசித்தல் வேண்டும் என்பது இலக்கியத் திறனாய்வு எமக்குக் கற்பித்த பாடம். முரசிலிருந்து கசியும் குருதி படலத்தையும் அழற்சியையும் மட்டுமன்றி, பல் மருத்துவர் ஒருவர் எத்தனை மைல் தொலைவில் உள்ளார் என்பதையும், அவரிடம் செல்ல ஒருநாட் சம்பளத்தை இழக்கவேண்டியுள்ளதா என்பதையும் கூறுகின்றது. தோட்டத்து மருந்தகம் ஒவ்வொன்றிலும் காறை அகற்றும் ஏற்பாடும், வேலைநேரத்திற் சம்பள இழப்பின்றி அதனைப் பெறும் உரிமையும் கிடைக்கும் நாளிலேயே அக்கடன் தீரத் தொடங்கும்.