இணையவழி எடைகுறைப்பும் மருத்துவர் துணையும்

உடற்பருமனை நோயெனக் கொண்டு, மருத்துவர் துணையோடு தணிக்கும் திட்டங்கள் அமெரிக்காவில் இணையவழியே நடைபெறுகின்றன. அவற்றின் இயல்பை ஈண்டுக் காண்போம்.

முதற்படி வினாவல் ஆகும். உயரம், எடை, பழைய நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள், குடும்ப நோய் வரலாறு ஆகியன கேட்டறியப்படும். உடல் நிறைக் குறியீட்டெண் 30ஐ எட்டியோர்க்கும், 27ஐ எட்டி உயர் இரத்த அழுத்தம் போன்ற துணைநோய் உடையோர்க்கும் மருந்து தரப்படலாம். எடைகுறைப்புக்கென அந்நாட்டரசு 2021இல் ஒப்பிய செமகுளூட்டைடு ஊசிமருந்து அவற்றுள் ஒன்று, பசியைத் தணிப்பது. எனினும், குடும்பத்தில் ஒருவகைத் தைராய்டுப் புற்றுநோய் கண்டோர்க்கு அஃது ஆகாது. வினவாமல் மருந்து விற்றல் மருத்துவமாகாது என்பதற்கு இதுவே சான்று.

அடுத்தது தொடர்காப்பு. உணவு, உடற்பயிற்சி அறிவுரைகளோடு இம்மருந்தை அளித்த 68 வார ஆய்வொன்றில் சராசரியாக 15 விழுக்காட்டளவு எடை குறைந்தது. இரண்டையும் நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரு பங்கு மீண்டது. ஆதலின், மருந்தளவைப் படிப்படியாக உயர்த்தவும், குமட்டல் முதலிய பக்கவிளைவுகளை நோக்கவும், நிறுத்துங்காலை நெறிப்படுத்தவும் மருத்துவர் உடனிருத்தல் வேண்டும்.

இத்திட்டங்களில் சேர விழைவோர், கட்டணம் யாதென வினவுமுன், தம்மை வினவும் மருத்துவர் யாரென வினவுதல் நன்று.