உஷார்! மலை ஏறும்போது அல்ல, இறங்கும்போதுதான் ஆபத்து

சூரிச்சில் இருக்கிறவர்களே, ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்ததும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளவுசன் கணவாய்க்குப் புறப்படுகிறீர்களா? இதைப் படித்துவிட்டுச் சாவியை எடுங்கள்.

போன கோடையில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று போனது. ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவோடு மகன், அவருடைய இரண்டு பிள்ளைகள். மகன் பதினைந்து வருடமாக சுவிஸில் கார் ஓட்டுகிறவர். எல்லாம் நெடுஞ்சாலை ஓட்டம். உச்சியில் தேநீர் குடித்துவிட்டு லிந்தால் ஊர்ப் பக்கம் இறங்கினார்கள். ஆட்டோமேட்டிக் கார். கியர் அதன் பாட்டில் கிடக்க, வழி முழுக்க பிரேக்கில் கால்.

அம்மாதான் கேட்டார்: "தம்பி, ஏதோ கருகிற மணம் வருதே?"

"வெளியில இருந்து வருதம்மா" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டார் மகன். இரண்டு வளைவு தாண்டியதும் பிரேக் பெடல் பஞ்சுபோல உள்ளே அமுங்கியது. பதறிப்போய்க் கியரைக் குறைத்து, மலைப்பக்கப் பாறையில் உரசி நிறுத்தினார். முன்சக்கரங்களில் புகை. உயிர் தப்பியது. இடப்பக்க வளைவில் நடந்திருந்தால் வலப்பக்கம் பள்ளம்.

உச்சி 1948 மீட்டர். லிந்தால் ஏறக்குறைய 650 மீட்டர். நடுவில் ஊர்னர்போடன் சமவெளி கொஞ்சம் மூச்சுவிட இடம் தரும், மற்றதெல்லாம் இறக்கம்தான். இவ்வளவு உயரத்திலிருந்து பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் தட்டு பழுக்கக் காயும், பிடிமானம் போய்விடும். புதுக் காருக்கும் இது நடக்கும். 1922 முதல் 1934 வரை கார்ப் பந்தயம் நடந்த சாலை இது. அந்தப் பந்தயமே மேலே ஏறுகிற பந்தயம்தான், இறங்குகிறது அல்ல.

கருகிய மணம் வந்தால் அடுத்த ஒதுங்குமிடத்தில் நிறுத்துங்கள். பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலும், ஸ்டியரிங் நடுங்கினாலும் அப்படியே. பிரேக் தானாக ஆறட்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது, சூட்டில் தட்டு வெடிக்கும். ஏறுகிற கியரிலேயே இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் கையால் குறைந்த கியருக்கு மாற்றுங்கள்.

ஊர்னர்போடனில் இன்னொரு கவனம். சுவிஸிலேயே பெரிய மலை மேய்ச்சல்நிலம் அது. கோடையில் மாடுகள் சாலையிலேயே நிற்கும். கன்றுக்குப் பக்கத்தில் பிள்ளையை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள், தாய்ப்பசு முட்டும். லிந்தாலுக்குக் கிழக்கே இருப்பது ஃப்ரைபெர்க் கெர்ஃப், 1548 முதல் வேட்டை தடைசெய்யப்பட்ட, ஐரோப்பாவின் மிகப் பழைய வனவிலங்குக் காப்பிடம். அந்த மலைகளைப் பார்க்கத்தான் வந்தீர்கள், சரி. ஆனால் ஓட்டுகிறவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்க்கட்டும்.

வளைவுக்கு அப்பால் மூன்று சுரத்தில் ஹார்ன் கேட்டால் மஞ்சள் போஸ்ட் பஸ் வருகிறது. இதுபோன்ற மலை அஞ்சல் சாலையில் அதற்கே முன்னுரிமை. அதன் ஓட்டுநர் பின்னால் போகச் சொன்னால் போகத்தான் வேண்டும். அது சட்டம். பின்னால் எடுக்கப் பழகாதவர் இந்தச் சாலைக்கு வரவேண்டாம்.

அக்டோபரில் கீழே வெயில் அடித்தாலும் மேலே பனி கொட்டலாம். கோடை டயரோடு ஏறாதீர்கள். கணவாய் திறந்திருக்கிறதா என்று காலையிலேயே பாருங்கள்.

ஆம்புலன்ஸ் 144. மீட்பு ஹெலிகாப்டர் ரேகா 1414. இந்த இரண்டு எண்ணையும் இப்போதே உங்கள் போனிலும் அம்மாவின் போனிலும் பதிந்து வையுங்கள்.