மோட்டார்ச் சைக்கிளும் பிரயாணப் பொதியும்

நல்ல வீதிகள் அமையாத காலத்தில், இலங்கையின் கரையோரத்திலிருந்து கண்டி நாட்டுக்கு உப்பும் கருவாடும் பொதிமாடுகளின் முதுகிலேறியே சென்றன. அம்மாடுகள் திரும்பும்போது பாக்கு முதலிய மலைநாட்டு விளைபொருள்களைச் சுமந்து வந்தன. தவளம் என வழங்கிய அந்த மாட்டுக் கூட்டங்களைப் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்கள் நடத்தினர். மாட்டின் முதுகுக்கு இருபுறமும் ஒத்த நிறையுள்ள பொதிகள் தொங்கும். ஒன்று கனத்து மற்றொன்று இலேசாயிருப்பின், ஏற்றத்திலும் வளைவிலும் மாடு தள்ளாடும். ஆகவே பொதியைச் சமன்செய்து கட்டுவது அத்தொழிலின் உயிர்நாடியாய் இருந்தது.

மோட்டார்ச் சைக்கிளில் நெடுந்தூரம் சென்று, இரவில் கூடாரமடித்துத் தங்க விரும்புவோருக்கும் அதே பாடம் பொருந்தும். மோட்டார்க் காரின் பின்புறத்தில் சாமான்களை எப்படி அடுக்கினாலும் அது நான்கு சில்லுகளில் நிற்கும். மோட்டார்ச் சைக்கிளோ தானாக நிற்பதன்று. ஓட்டுபவரின் உடலும் இயந்திரத்தின் நிறையும் அதன் சமநிலையைப் பாதிக்கின்றன. அதன்மீது ஏற்றப்படும் ஒவ்வொரு பொருளும் அந்தச் சமநிலையிற் பங்கு கொள்கின்றது. இலங்கையின் வீதி விபத்துகளில் உயிரிழப்போருள் மோட்டார்ச் சைக்கிளில் செல்வோரே பெருந்தொகையினர் என்பதை நினைக்கும்போது, பொதி கட்டுவது வசதியைப் பற்றிய விடயம் மாத்திரமன்று, உயிரைப் பற்றியதுமாகும் என்பது விளங்கும்.

கடைக்குச் சென்று முதலிற் பெரிய பை ஒன்றை வாங்கி, அது நிறையும்வரை சாமான்களை அடைப்பதே பலருடைய வழக்கம். இது தலைகீழான முறை. பை எத்தனை லீற்றர் கொள்ளும் என்பது கடைசிக் கேள்வி. எவற்றைக் கொண்டு செல்ல வேண்டும், அவற்றின் நிறை என்ன, வண்டி எவ்வளவைத் தாங்கும், அந்த நிறை வண்டியில் எங்கே அமையும் என்பனவே முன்னுள்ள கேள்விகள். இவற்றுக்கு விடை கிடைத்தபின், பை தானாகவே தெரிவாகிவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் நுவரெலியாவுக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். ஏ 9 வீதியிற் கண்டிவரை 321 கிலோமீற்றர். அங்கிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக மலையேற வேண்டும். இலங்கையின் அதிவேகப் பாதைகளில் மோட்டார்ச் சைக்கிளுக்கு அனுமதியில்லை. எங்கே செல்வதாயினும் பழைய வீதிகளும் அவற்றின் வளைவுகளுமே அதற்கு வழி. ஆனையிறவின் வெட்டவெளியிற் பக்கக் காற்று. வவுனியாவிற் கொளுத்தும் வெயில். மாத்தளைக்கு அப்பால் எதிர்பாராத மழை. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிற் கடுங்குளிர். தை, மாசி மாதங்களில் அங்கு இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்குவதுண்டு. ஒரே பயணத்தில் இத்தனை காலநிலைக்கும் பொருள் வேண்டும். பொதியும் இத்தனையையும் தாங்க வேண்டும்.

அவருடைய பட்டியலை எழுதிப் பார்க்கலாம். ஒருவர் அல்லது இருவர் தங்கும் சிறு கூடாரம் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ, உறங்குபையும் படுக்கைவிரிப்பும் இரண்டு கிலோ, உடுப்பும் குளிருடையும் மூன்று, மழைக்கோட்டு ஒன்று, சிறு அடுப்பும் பாத்திரமும் ஒன்றரை, உணவும் நீரும் நான்கு, கருவிகள், மேலதிக ரியூப், காற்றடிக்கும் பம்பு ஆகியன இரண்டு. கூட்டினால் பதினாறு கிலோ வரும். இத்தனையும் இன்றியமையாதவை. இவற்றுக்குமேல் ஏறுபவை பெரும்பாலும் ஆசையினால் ஏறுபவையே.

அடுத்தது வண்டியின் தாங்குதிறன். வண்டியோடு தரப்படும் கைந்நூலில், அது தாங்கக்கூடிய உச்சச் சுமை குறிக்கப்பட்டிருக்கும். அச்சுமையில் ஓட்டுபவர், பின்னிருப்பவர், சாமான், பிற்பாடு பூட்டிய கம்பித் தாங்கி, பெட்டி ஆகிய யாவும் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். உதாரணமாக, ஒரு வண்டியின் எல்லை 150 கிலோ எனக் கொள்வோம். ஓட்டுபவர் 70 கிலோ, பின்னிருப்பவர் 55 கிலோ என்றால், மீதி 25. இரும்புத் தாங்கியும் இரண்டு அலுமினியப் பெட்டிகளும் சேர்ந்து 15 கிலோ வரை எடுத்துக்கொண்டால், சாமானுக்கு எஞ்சுவது பத்தே கிலோ. மேலே கூறிய பதினாறு கிலோ அவ்வண்டியின் எல்லையை மீறும் என்பது மட்டுமன்று. வளைவில் நெளியும், பிறேக் பிடித்தால் நிற்கும் தூரம் நீளும், பின் ரயர் சூடேறும். துணையோடு செல்பவர் பெரிய பெட்டி தேடுவதிலும், பட்டியலைக் குறைப்பதே அறிவுடைமை.

இனி, நிறை அமையும் இடம். இதற்கு மூன்று சொற்கள் போதும்: தாழ்வாக, நடுவாக, சமமாக. கனமான பொருள் எவ்வளவு தாழ இருக்கின்றதோ அவ்வளவு நன்று. அது இரு சில்லுகளுக்கும் இடையே, ஓட்டுபவரின் உடலுக்கு அண்மையில் இருக்க வேண்டும். பின் சில்லின் அச்சுக்கும் அப்பால் நீட்டிக் கட்டிய சுமை, ஏற்றப் பலகையின் ஒரு முனையில் ஏறியவனைப்போல, மறுமுனையான முன் சில்லை மேலே தூக்கப் பார்க்கும். முன் சில்லின் பிடி தளர்ந்தால் கைபிடி இலேசாகும். வேகத்தில் வண்டி தலையாட்டத் தொடங்கும். றம்பொடை வளைவுகளில் இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே கருவி, நீர், உணவு போன்ற கனத்தவை பக்கப் பைகளின் அடியில், முன்புறமாக இடம்பெற வேண்டும். உடுப்பும் உறங்குபையும் மேலேயும் பின்னேயும் செல்லலாம். பெற்றோல் தாங்கியின்மீது வைக்கும் சிறு பை நடுவிடத்தில் அமைவதால் மிக நல்லது. பத்திரங்கள், மருந்து, வழிப்படம் என்பவற்றை இறங்காமலே எடுக்கலாம். ஆயினும் காந்தத்தினால் ஒட்டும் பை இரும்புத் தாங்கியில் மாத்திரமே ஒட்டும்; அலுமினியத்திலும் பிளாஸ்ரிக்கிலும் ஒட்டாது. அப்பை கைபிடியின் திருப்பத்தைத் தடுக்கின்றதா என்பதை, இருபுறமும் முழுவதும் திருப்பிப் பார்த்தறிய வேண்டும்.

பலரும் விரும்பும் பின்புற மேற்பெட்டி, தலைக்கவசத்தைப் பூட்டி வைக்க வசதியானது. ஆனால் அது உயரத்திலும் பின்னாலும் இருப்பது. மேற்சொன்ன விதிக்கு நேர்மாறானது. அப்பெட்டிகளில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்பது பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்கும்; பலவற்றில் அது 3 முதல் 10 கிலோவுக்குள்ளேயே இருக்கும். கொள்ளளவு பெரிதென்பதால் அரிசிப்பையை அதில் வைத்தலாகாது. முதுகிற் பையைச் சுமந்து ஓட்டுவதும் நன்றன்று. நான்கு மணி நேரத்தில் தோளும் இடுப்பும் களைத்துவிடும். விழுந்தால், பையிலுள்ள கடினமான பொருள் முள்ளந்தண்டிற் குத்தும்.

இப்போது பெட்டியா, பையா என்னும் கேள்விக்கு வரலாம். அலுமினியம் அல்லது கடினப் பிளாஸ்ரிக்காலான பெட்டியைப் பூட்டிவிட்டு உணவுக்குச் செல்லலாம். மழை எளிதில் உட்புகாது. தம்புள்ளைப் பக்கத்துக் குரங்குகளும் அதைத் திறக்கமாட்டா. ஆனால் அதன் நிறை கூடியது. பூட்டுவதற்கு உறுதியான இரும்புத் தாங்கி வேண்டும். கைபிடியைவிட அகன்று நிற்பதால் நெருக்கமான இடத்திற் பஸ்ஸிலோ மதிலிலோ முட்டும். மணலிலும் சேற்றிலும் வண்டி சாயும்போது ஊன்றிய கால் பெட்டிக்கும் நிலத்துக்குமிடையே அகப்படலாம். அதனால் கால் முறிந்தவர்களும் உண்டு.

கன்வஸ், நைலோன் போன்ற துணியாலான பை இலேசானது. விழுந்தால் நெளியுமேயன்றி உடையாது. கிழிந்தால் ஊசிநூலால் வழியிலேயே தைக்கலாம். சிறிய வண்டிக்கும் தனிப்பயணிக்கும் இதுவே பெரும்பாலும் ஏற்றது. இதன் குறைகள் மூன்று: பூட்ட முடியாது, நீர் கசியும், சூட்டுக்கும் உராய்வுக்கும் ஆற்றாது. வலப்புறத்துச் சைலன்சரில் பை தொட்டால் நைலோன் உருகும், தீப்பற்றவும் கூடும். ஆதலால் அப்பக்கத்திற் பையைச் சற்று விலக்கிப் பிடிக்கும் கம்பி அவசியம். இடப்புறத்தில், பின்னிருக்கும் பெண்களின் சேலை சில்லிற் சிக்காதிருக்கப் பூட்டிய கம்பிக் காப்பு இருக்குமாயின், அதுவே பைக்கு நல்ல துணையாகும். அக்காப்பு இல்லாத வண்டியிலோ, தளர்ந்த பை உள்ளே சாய்ந்து சில்லையும் சங்கிலியையும் தொடாதிருக்கத் தடுப்பொன்று செய்தே தீரவேண்டும்.

நீர் புகாத பை என்று விற்கப்படுபவை யாவும் அத்தகையவை அல்ல. துணி நீரை விடாவிட்டாலும், ஊசி குத்திய தையல் விடும். தையலின்றிச் சூட்டினால் ஒட்டப்பட்ட, வாயை மூன்று முறை சுருட்டிக் கொளுவும் பையே மழையை நம்பிக்கையுடன் தாங்கும். அத்தகைய பை இல்லாதவர், உடுப்பையும் உறங்குபையையும் கனத்த பொலித்தீன் உறையிலிட்டுக் காற்றை வெளியேற்றிக் கட்டிப் பின்னர் பைக்குள் வைக்கலாம். வெளியே போர்க்கும் மழையுறையை நம்புவதிலும் இது மேலானது; ஏனெனில் காற்றில் அவிழ்ந்த உறை சங்கிலிக்குள் புகுந்துவிடும்.

கட்டும் முறையிலும் கவனம் வேண்டும். இருமுனையிலும் கொளுக்கியுள்ள றப்பர்க் கயிறு மலிவானது, எங்கும் கிடைப்பது. ஆனால் அது குலுக்கத்தில் நீண்டு சுருங்குவதால் பொதி மெல்ல நகரும். கை நழுவினால் கொளுக்கி கண்ணைப் பதம் பார்க்கும். நீளாத நாடாவை இறுக்கிக் கொளுவும் பட்டைகளே தக்கவை. அவற்றின் மீந்த முனைகளைச் சுருட்டிச் செருகாமல் விட்டால், அவையும் சில்லைத் தேடிச் செல்லும். பின்விளக்கு, திருப்ப விளக்கு, இலக்கத்தகடு ஆகிய எவையும் பொதியால் மறைதல் கூடாது.

எதை முதலில் வைப்பது, எதைக் கடைசியில் வைப்பது என்பதும் சிந்திக்கத் தக்கது. மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். மழை வந்தபின் பையைக் கிளறுபவர் எல்லாவற்றையும் நனைப்பார். கூடாரம் தனிப் பையில், வேறு எதையும் திறக்காமல் எடுக்கக்கூடியதாய் இருந்தால், மழையிலும் முதலில் கூரை கிடைக்கும். காலையில் ஈரத்தோடு மடித்த கூடாரம் உலர்ந்த உடுப்பையும் கெடுக்காது. உணவுக்கும் தனிப் பை நன்று. யானை நடமாடும் பிரதேசங்களில், பழமும் சோறும் வைத்த கூடாரத்துக்குள் உறங்குவது அபாயத்தை விருந்துக்கு அழைப்பதாகும்.

பொதி ஏறியபின் வண்டி முன்னைய வண்டி அல்ல. கைந்நூல் கூறும் அளவுக்குப் பின் ரயரின் காற்றையும் பின் ஸ்பிறிங்கின் இறுக்கத்தையும் கூட்ட வேண்டும். சங்கிலியின் தளர்வையும் பார்க்க வேண்டும். பின்புறம் தாழ்வதால் முன்விளக்கின் ஒளி மேலெழுந்து எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். அதனையும் தாழ்த்த வேண்டும். பயணத்துக்கு முதல்நாள் முழுப் பொதியுடன் வெறுமையான திடலொன்றில் ஓட்டி, வளைத்து, பிறேக் பிடித்துப் பழகுவது நன்று. புறப்பட்ட நாளில் இருபது கிலோமீற்றர் சென்றதும் நிறுத்திப் பட்டைகளை மீண்டும் இறுக்க வேண்டும். முதற் குலுக்கத்தில் எல்லாப் பொதியும் சற்றுத் தளரும்.

பயணம் முடிந்து வீடு திரும்பியதும் சாமான்களை மூன்று குவியலாகப் பிரித்துப் பார்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம்: நாள்தோறும் உதவியவை, ஒருமுறை உதவியவை, தொடாமலே திரும்பியவை. மூன்றாம் குவியலில் மருந்தையும் கருவிகளையும் மழைக்கோட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அடுத்த முறை வீட்டிலேயே விட்டுச் செல்லலாம். இரண்டு மூன்று பயணங்களில் பொதி பாதியாகிவிடும். முதலிற் போதாதென்று தோன்றிய பை, அப்போது தாராளமாகவே இருக்கும்.