ஹார்மோனியத்தைப் பேச வைக்கும் பெட்டி

லோயர் கேம்ப் தாண்டி மலையேறும் குமுளி பஸ்ஸில் ‘எந்திரன்’ பாட்டு ஓடினால், ‘இரும்பிலே ஒரு இருதயம்’ வரும்போது காதைக் கூர்மையாக்கிக் கொள்ளுங்கள். 2010-ல் மதன் கார்க்கி எழுதி, ஏ.ஆர்.ரஹ்மான் பாடியது. மனிதக் குரல்தான், ஆனால் உலோகம் ஏறிய குரல். இப்படிக் குரலை உருமாற்றும் கருவிகளுக்கெல்லாம் மூத்தது வோகோடர்.

பாட்டுக்காகப் பிறந்ததல்ல அது. டெலிபோன் கம்பியில் பேச்சைச் சிக்கனமாக அனுப்ப, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி 1930-களில் உருவாக்கினார். உலகப் போரின்போது, 1943-ல், லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே ரகசியம் பேச அதே நுட்பத்தில் அமைத்த கருவி 50 டன்னுக்கு மேல் எடை!

வேலை செய்யும் விதத்தை நம்மூர்த் தண்ணீரை வைத்தே சொல்லலாம். தொண்டையில் எழும் நாதம், பவர் ஹவுஸிலிருந்து பாய்ந்து வரும் பெரியாற்று நீர். நாக்கும் உதடும் மதகுகள். வோகோடர் குரலைப் பத்துப் பதினைந்து அலைவரிசைப் பட்டைகளாகப் பிரித்து, எந்த மதகு எவ்வளவு திறக்கிறது என்று கணத்துக்குக் கணம் அளக்கிறது. பிறகு கீபோர்டின் ஒலியை அதே மதகுகள் வழியே விடுகிறது. சுருதி விரலில், சொல் வாயில். ‘ஸ’ போன்ற காற்றொலிகளில் நாதமே இல்லை என்பதால் அவற்றுக்கு இரைச்சலைத் தனியே கலக்க வேண்டும்.

ராபர்ட் மூக்கும் வெண்டி கார்லோஸும் 1970 வாக்கில் இதை இசைக்குத் திருப்பினார்கள். 1974-ல் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு ‘ஆட்டோபான்’ இசைத்தட்டில் பயன்படுத்தியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கோர்க், ரோலண்ட் கம்பெனிகள் மைக்கோடு சேர்ந்த கீபோர்டாகவே விற்கத் தொடங்க, மேடைக் கலைஞர்கள் கைக்கும் வந்துவிட்டது. 1998-ல் ஷெர் பாடிய ‘பிலீவ்’ பாட்டை வோகோடர் என்றே பலர் நம்பினார்கள். அது ஆட்டோ-டியூன், எண்ணெய் தேட நில அதிர்வுகளை ஆராய்ந்த ஆண்டி ஹில்டிபிராண்ட் 1997-ல் கொண்டுவந்தது. சுருதியைத் திருத்தும் கருவி அது. வோகோடர் குரலையே வேறொரு வாத்தியத்தின் மேல் ஏற்றுவது.

பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன் ஹார்மோனியத்தோடு மேடை மேடையாகப் பாட்டைக் கொண்டுபோன பள்ளத்தாக்கு இது. ஜனங்களுக்குச் சொல் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அந்தப் பாட்டுகளின் உயிர். வோகோடர் பாட்டையும் நான் அப்படித்தான் எடைபோடுகிறேன். பட்டைகள் குறைந்தால் ‘ழ’வும் ‘ள’வும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். அதனால் இதில் பாடுகிறவர் மெய்யெழுத்துகளை வழக்கத்தைவிட அழுத்தி உச்சரிக்க வேண்டும். சொல் முடியும்வரை கீபோர்டுக் கட்டையிலிருந்து விரலை எடுக்கவே கூடாது.