மேடைக்குப் பின்னால் ஒரு ஒலிச்சுவர்

1965 ஆகஸ்ட் 15. நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் பாட்டைக் கேட்க சுமார் 55,600 பேர் கூடியிருந்தார்கள். பீட்டில்ஸுக்காகவே வாக்ஸ் நிறுவனம் 100 வாட் ஆம்ப்ளிஃபயர்களைச் செய்து கொடுத்திருந்தது. குரலுக்கு அந்த வசதியும் இல்லை; பேஸ்பால் ஆட்டத்தில் அறிவிப்பு சொல்லும் ஸ்பீக்கர்களில்தான் பாட்டு வந்தது. ரசிகர்களின் அலறலில் எல்லாம் மூழ்கிப்போயிற்று. மேடையில் இருந்த நால்வருக்கே தாங்கள் வாசிப்பது சரியாகக் கேட்கவில்லை.

ராக் குழுக்கள் இதற்குக் கண்ட மருந்து, இன்னும் சத்தம். லண்டனில் ஜிம் மார்ஷல் செய்த 100 வாட் ஆம்ப்களும் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளும் மேடைகளை நிறைத்தன. சத்தம் ஏறியதே தவிர, தெளிவு வரவில்லை.

தெளிவைத் தேடிப் போனது சான்ஃபிரான்சிஸ்கோவின் கிரேட்ஃபுல் டெட் குழு. அதன் ஒலிப் பொறியாளர் ஆஸ்லி ஸ்டான்லிக்குப் பட்டப்பெயர் ‘பேர்’, அதாவது கரடி. அவரும் டான் ஹீலி, ரான் விக்கர்ஷாம் போன்றவர்களும் கேட்டுக்கொண்ட கேள்வி எளிமையானது: கிடாரும் குரலும் டிரம்ஸும் ஏன் ஒரே ஸ்பீக்கரில் முட்டி மோத வேண்டும்? ஸ்பீக்கரின் ஒரே கூம்பு பல வாத்தியங்களைச் சுமக்கும்போது, ஒன்றின் அதிர்வு மற்றொன்றைக் கலக்கி, எவரும் வாசிக்காத ஓசைகளை உண்டாக்குகிறது. ஆகவே ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி ஆம்ப், தனி ஸ்பீக்கர் வரிசை என்று முடிவாயிற்று. ஃபில் லெஷ்ஷின் பாஸ் கிடாரில் ஒவ்வொரு தந்தியையும் தனித்தனி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பவும் வழி செய்தார்கள்.

முதல் முயற்சி சறுக்கியது. 1973 பிப்ரவரியில் ஸ்டான்ஃபோர்டில் முன்மாதிரியைச் சோதித்தபோது, முதல் பாட்டு தொடங்கியதுமே ட்வீட்டர்கள், அதாவது உச்ச ஓசைக்கான சிறு ஸ்பீக்கர்கள், எரிந்துபோயின.

1974 மார்ச் 23 அன்று கவ் பேலஸ் அரங்கில் முழு அமைப்பும் ஓர் ஒலிச்சுவராக எழுந்து நின்றது. 600க்கும் மேற்பட்ட ஸ்பீக்கர்கள், மெக்கின்டோஷ் ஆம்ப்கள், சுமார் 26,400 வாட், ஏறத்தாழ 75 டன் எடை. இவ்வளவும் குழுவின் முதுகுக்குப் பின்னால்! ரசிகர்கள் கேட்டதையே வாசித்தவர்களும் கேட்டார்கள். வாசிப்பவர்களை நோக்கி வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கருக்கே தேவை இருக்கவில்லை. ஆனால் மைக்குக்கு நேர் பின்னால் ஸ்பீக்கர் இருந்தால் அது வீலென்று கூவுமே! அதற்கும் வழி கண்டார்கள். ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக்குகளை அருகருகே வைத்து, ஒன்றின் இணைப்பைத் தலைகீழாக்கினார்கள். சுவரிலிருந்து வரும் ஒலி இரண்டிலும் ஒரே அளவில் விழுந்து, ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். உதட்டை ஒட்டிய மைக்கில் விழும் குரல் மட்டும் தப்பித்து வெளியே வரும். பாடகர் சற்று விலகினாலோ குரலும் சேர்ந்து கரைந்துவிடும். எந்நேரமும் மைக்கோடு ஒட்டியே நின்று பாடுவது பெரிய சிரமம்தான். ஆனாலும் அந்த யோசனையின் அழகு மறுக்க முடியாதது.

ஸ்பீக்கர்களை உயரமான தூண்களாக அடுக்கியதில் இன்னொரு நன்மை இருந்தது. சாதாரண ஸ்பீக்கரின் ஒலி, தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். தூண் வரிசையில் ஓரளவு தூரம்வரை 3 டெசிபல்தான் குறையும். 600 அடிக்கு அப்பால் நின்றவருக்கும் இசை சிதையாமல் போய்ச் சேர்ந்தது.

சுவரை வீழ்த்தியது செலவு. கட்டிப் பிரிக்க நேரம் பிடித்ததால், ஒரு மேடையில் கச்சேரி நடக்கும்போதே அடுத்த ஊருக்கு இன்னொரு சாரம் கிளம்பிவிடும். நான்கு டிரெய்லர் லாரிகள், இருபதுக்கும் மேற்பட்ட ஆட்கள். அதுவும் 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிந்தைய டீசல் விலையில். 1974 அக்டோபரில் விண்டர்லேண்ட் அரங்கில் ஐந்து இரவுகள் வாசித்துவிட்டுக் குழு ஓய்வுக்குப் போனது. சுவரும் அதோடு முடிந்தது.

தூண் வரிசை என்ற யோசனை மட்டும் முடியவில்லை. 1990களில் பிரான்சின் எல்-அகூஸ்டிக்ஸ் நிறுவனம் அதைச் செம்மையான கணக்கோடு மீட்டெடுத்தது. இன்று பெரிய மைதானக் கச்சேரிகளில் மேடையின் இருபுறமும் வளைந்து தொங்கும் நீண்ட ஸ்பீக்கர் வரிசைகள் அந்த வழியில் வந்தவையே. விண்டர்லேண்டின் ஐந்து இரவுகளில் எடுத்த ‘தி கிரேட்ஃபுல் டெட் மூவி’ 1977ல் வெளியானது. சுவரைக் கண்ணால் பார்க்க நினைப்பவர்கள் அதைத் தேடிப் பாருங்கள்.

(தொடரும்)